நிலவியற் கல்வியில் நடைமுறைத் திட்டங்கள்

நிலவியல் பயின்று பட்டம் பெறும் மாணவரிடம் பத்துக் கனிமங்களின் கடினத்தன்மையை வரிசைப்படுத்துமாறு கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார். பாறைகளின் வகைகளையும், மடிப்புகள், பிளவுகள் ஆகியவற்றின் இலக்கணங்களையும் பிழையின்றி எழுதுவார். அவரையே ஒரு தெருவிற்கு அழைத்துச் சென்று, “இங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டலாமா? தோண்டினால் எத்தனை ஆண்டு நீர் கிடைக்கும்? அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு என்ன ஆகும்?” என்று வினவினால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. குறை மாணவரிடம் இல்லை. கற்ற செய்திகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரு முடிவுக்கு வரும் பயிற்சியை வகுப்பறை அவருக்கு அளிக்கவில்லை என்பதே உண்மை.

குடிநீர், பாசனம், அணைகள், சுரங்கப் பாதைகள், கட்டடங்கள், கழிவுநீர் அகற்றல் என வளர்ச்சிப் பணிகள் யாவும் நிலத்தின் மீதோ நிலத்தின் அடியிலோதான் நிகழ்கின்றன. இப்பணிகளை வகுக்கும் அலுவலர்களும், நாளை அவ்விடத்திற்கு வரவிருக்கும் மாணவர்களும் நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர்களாக இருத்தல் வேண்டும். இதற்கு உலகெங்கும் கையாளப்படும் வழிகளுள் ஒன்று, மெய்யான திட்டங்களை ஒத்த சூழல்களை மாணவர் முன் வைத்து, அவற்றின் வாயிலாகப் பாடத்தைக் கற்பிப்பதாகும். பெங்களூரின் பிரேசர் டவுன் பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறை இங்கு விளக்கப்படுகிறது.

முறையின் வரலாறு

செய்து கற்றல் என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலை மையமாகக் கொண்டு பிற பாடங்களைக் கற்பிக்க முனைந்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, செயல் அனுபவத்தைக் கல்வியின் உறுப்பாக்க வேண்டுமென வலியுறுத்தியது. உச்ச நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி, இளநிலைப் பட்ட வகுப்புகள் அனைத்திற்கும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த சுற்றுச்சூழல் பாடத்திலும் களப்பணி ஒரு பகுதியாக இடம் பெற்றது.

மேலை நாடுகளில் 1918-ல் கில்பாட்ரிக் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் ‘திட்ட முறை’ என்ற கட்டுரையின் மூலம் இக்கருத்தைப் பரப்பினார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-ல் தன் மருத்துவக் கல்லூரியில் பிரச்சினையை முன்வைத்துக் கற்பிக்கும் முறையைத் தொடங்கியது. அங்கே மாணவர் முதலில் நோயாளியின் நிலையைச் சந்திக்கிறார்; அதை விளக்குவதற்காகவே உடலியலையும் வேதியியலையும் தேடிக் கற்கிறார். அமெரிக்காவில் 2010-களில் நடைபெற்ற ‘இன்டகிரேட்’ என்னும் திட்டத்தின் கீழ், புவி அறிவியலை நீர், ஆற்றல், இயற்கை இடர்கள் போன்ற சமுதாயப் பிரச்சினைகளோடு இணைக்கும் பாடப் பகுதிகள் பல ஆக்கப்பட்டன.

இவற்றிற்கெல்லாம் பொதுவான அடிப்படை ஒன்றே. செய்தியை முதலில் கற்று அதன் பயனைப் பின்னர் தேடுவதற்கு மாறாக, தேவையை முதலில் உணர்ந்து அதற்குரிய செய்தியைத் தேடிக் கற்பதே அது.

பிரேசர் டவுனைத் தேர்ந்தது ஏன்?

1898-ல் பெங்களூரைத் தாக்கிய பிளேகு நோய் நெருக்கமான குடியிருப்புகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. அதன்பின் காற்றோட்டமும் வடிகால் வசதியும் உடைய புதிய குடியிருப்புகள் கண்டோன்மென்ட் பகுதியின் வடபால் திட்டமிடப்பட்டன. அவற்றுள் ஒன்று, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கிய பிரேசர் டவுன். புலிகேசி நகர் என்னும் பெயரும் இதற்கு உண்டு. தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் இதுவும் ஒன்றாகும். ஆக, நிலத்தின் சரிவையும் வடிகாலையும் கருதி எழுப்பப்பட்ட ஒரு வளர்ச்சித் திட்டமாகவே இவ்வூர் பிறந்தது எனலாம்.

நிலவியல் நோக்கில் பார்த்தாலும் இப்பகுதி சிறந்த பாடநூலாகும். இதன் அடியில் இருப்பது தீபகற்ப நைஸ் எனப்படும் தொன்மையான பாறை. இப்பெயரை 1916-ல் வழங்கியவர் மைசூர் நிலவியல் துறையின் தலைவராக இருந்த டபிள்யூ. எஃப். ஸ்மீத். அத்துறையை 1894-ல் முதல் தலைவராக ஏற்று நடத்தியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த இந்நைஸ் பாறை, லால்பாக் பூங்காவில் வெறுங்கண்ணால் காணத்தக்க குன்றாக எழுந்து நிற்கிறது. பிரேசர் டவுனில் அதுவே மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் கீழே மறைந்து கிடக்கிறது. வெளிப்பட்ட பாறையை லால்பாக்கில் கண்டு, மறைந்த பாறையைப் பிரேசர் டவுனில் ஊகித்தறிதல் நல்லதொரு பயிற்சியாகும்.

நிலப்படத்தை எடுத்தவுடனேயே முதற்பாடம் தொடங்கிவிடுகிறது. பிரேசர் டவுன் வட அட்சரேகை 13 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. இந்திய நில அளவைத் துறையின் 57 ஜி/12, 57 எச்/9 ஆகிய இரு நிலப்படங்களும் சந்திக்கும் எல்லை அது. எனவே ஒரு படத்தை மட்டும் வைத்துக் கொண்டு இப்பகுதியின் நீரோட்டத்தை ஆராய இயலாது. இரண்டையும் ஒட்ட வைத்தே பார்த்தாக வேண்டும். நிலம் படத்தின் எல்லைக் கோட்டை அறியாது என்னும் உண்மையை எந்தச் சொற்பொழிவையும்விட இச்சிறு வேலை தெளிவாக உணர்த்தும்.

முதற் சூழல்: வற்றிய கிணறு

2024-ஆம் ஆண்டு கோடையில் பெங்களூர் கடும் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. நகரின் ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் பாதி அளவு வற்றிவிட்டதாக அப்போது மாநில அரசு அறிவித்தது. இந்நிகழ்ச்சியை அடியொற்றிப் பின்வரும் சூழலை ஆசிரியர் வகுப்பில் அமைக்கலாம்.

பிரேசர் டவுனில் 24 வீடுகள் கொண்ட அடுக்ககம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வீட்டுக்கு நால்வர் வீதம் 96 பேர் வசிக்கின்றனர். கூரையின் பரப்பு 1,000 சதுர மீட்டர். அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. இன்னும் ஆழமாக மற்றொரு கிணறு தோண்டுவதா, லாரி நீரை வாங்குவதா, மழைநீரைச் சேமிப்பதா என்று முடிவு செய்யக் குடியிருப்போர் கூடுகின்றனர். மாணவர் குழு அவர்களுக்கு எழுத்து மூலம் ஆலோசனை வழங்க வேண்டும்.

இங்கே மாணவர் முதலில் கணக்கிட வேண்டுவது தேவையை. நகர்ப்புறக் குடிநீர் வழங்கலுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் அளவு. இதன்படி 96 பேருக்கு நாளொன்றுக்கு 12,960 லிட்டர் வேண்டும். அடுத்து வரவு. பெங்களூரின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லி மீட்டர். கூரையில் விழும் நீரில் 80 விழுக்காட்டைச் சேகரிக்க இயலும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 7,76,000 லிட்டர் கிடைக்கும். இதனைத் தேவையால் வகுத்தால் ஏறத்தாழ 60 நாட்களுக்குப் போதுமான நீர் என்பது தெரியவரும்.

இவ்விடை இரு வகையில் பயனுடையது. மழைநீர் எல்லாத் தேவையையும் தீர்த்துவிடும் என்ற மிகை நம்பிக்கையை அது அகற்றுகிறது. மழைநீரால் பயனில்லை என்ற அலட்சியத்தையும் அகற்றுகிறது. இரண்டு மாத நீர் என்பது கோடையில் சிறிய பொருளன்று.

பின்னர் நிலத்தடிப் பகுதிக்கு வர வேண்டும். நைஸ் பாறைக்குத் தன்னளவில் நீரைத் தேக்கும் ஆற்றல் மிகக் குறைவு. மேலே உள்ள சிதைந்த பகுதி ஊறிய பஞ்சினைப் போல் நீரைத் தாங்கி நிற்கிறது. அதன்கீழ் உள்ள கடினப் பாறையில் வெடிப்புகளில் மட்டுமே நீர் ஓடுகிறது. மேற்பகுதியிலிருந்து கசியும் நீரே வெடிப்புகளை நிரப்புகிறது. ஆகவே, மேற்பகுதி வறண்டபின் ஆழத்தைக் கூட்டுவது பெட்டியில் பணம் போடாமல் சாவியை மட்டும் மாற்றுவதற்கு ஒப்பாகும். ஆழத்தில் வெடிப்பு ஒன்று அகப்பட்டால் சில காலம் நீர் கிடைக்கலாம். அகப்படாவிடில் செலவு வீணாகும். அகப்பட்டாலும் அதே வெடிப்பை நம்பியுள்ள அண்டை வீட்டுக் கிணறு பாதிக்கப்படக்கூடும். அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் கிணறு தோண்ட அனுமதி பெற வேண்டுமெனக் கர்நாடக நிலத்தடி நீர்ச் சட்டம், 2011 விதித்திருப்பதன் காரணம் இக்கட்டத்தில் மாணவருக்குத் தானே விளங்கும்.

மூன்றாவது, நீரை நிலத்துக்குத் திருப்புதல். 50 மில்லி மீட்டர் அளவுக்கு ஒரு கனமழை பெய்தால் அக்கூரையிலிருந்து 40,000 லிட்டர் நீர் வழியும். 0.9 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் ஆழமும் உடைய ஊறல் கிணறு ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 3,800 லிட்டர் மட்டுமே. எனில் பத்துக் கிணறுகள் வேண்டுமா? மழை பெய்துகொண்டிருக்கும்போதே நீர் நிலத்துள் இறங்குவதால் குறைந்த எண்ணிக்கையே போதுமானதாக இருக்கலாம். அது மண்ணின் உறிஞ்சும் வேகத்தைப் பொறுத்தது. அவ்வேகத்தைப் புத்தகத்தில் தேடுவதற்கில்லை. குழி தோண்டி, நீர் ஊற்றி, அளவுகோலும் கடிகாரமும் கொண்டு அளந்தே அறிய வேண்டும். பெங்களூரில் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டி வரும் மண்ணு வட்டர் சமூகத்தாரின் அனுபவ அறிவும் இங்குத் துணை நிற்கும். எந்த ஆழத்தில் மண்ணின் நிறம் மாறுகிறது, எங்கே களி தடுக்கிறது என்பவற்றை அவர்கள் நன்கறிவர்.

சட்டமும் பாடத்தில் சேர்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு அனைத்துக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பெங்களூரில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் முன்னரே அமைந்த கட்டடங்களும், 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாக எழும் கட்டடங்களும் மழைநீர் அமைப்பைக் கொண்டிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரு தெருவில் எத்தனை வீடுகளில் அவ்வமைப்பு உள்ளது, அவற்றுள் எத்தனை செயற்படுகின்றன என்று மாணவர் கணக்கெடுத்தால், சட்டத்திற்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி எண்ணிக்கையாகத் தெரியவரும்.

ஆற்றலின் கணக்கும் உண்டு. காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு இறைக்கப்பட்டுப் பெங்களூரை அடைகிறது. 1974-ல் தொடங்கிய இத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் திறனுடன் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. 1,000 லிட்டர் நீரை 500 மீட்டர் உயர்த்த, கோட்பாட்டளவில் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். இறைக்கும் பொறிகளின் செயல்திறன் 70 விழுக்காடு எனக் கொண்டால் அது ஏறத்தாழ 2 யூனிட்டாக உயரும். அடுக்ககத்தின் கூரை நீர் முழுவதும் பயன்படுமாயின் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,500 யூனிட் மின்சாரம் மிஞ்சும். இயற்பியலும் நிலவியலும் பொருளாதாரமும் ஒரே கணக்கில் சந்திப்பதை மாணவர் இங்குக் காண்கின்றனர்.

இரண்டாம் சூழல்: நிலத்தடிப் பாதை

பெங்களூர் மெட்ரோ ரயிலின் காளேன அக்ரஹாரா - நாகவாரா தடத்தில் 13.76 கிலோ மீட்டர் தொலைவு நிலத்தடியில் செல்கிறது. பிரேசர் டவுனை அடுத்துள்ள கண்டோன்மென்ட், பாட்டரி டவுன், டேனரி ரோடு ஆகிய நிலையங்கள் இப்பகுதியிலேயே அமைகின்றன. ஒன்பது துளைப்பொறிகள் இப்பணியில் ஈடுபட்டன. அவற்றுள் ‘ஊர்ஜா’ என்னும் பொறி கண்டோன்மென்டிலிருந்து புறப்பட்டு 2021 செப்டம்பர் 22 அன்று சிவாஜி நகரில் வெளிப்பட்டது. தடம் முழுவதிலும் துளைக்கும் பணி 2024 அக்டோபரில் நாகவாராவில் நிறைவுற்றது.

இதனைக் கொண்டு அமைக்கும் சூழல் எளியது. இரண்டு துளைகளுக்கு இடையே 50 மீட்டர் தொலைவு. முதல் துளையில் 8 மீட்டர் ஆழத்தில் கடினப் பாறை தென்படுகிறது. இரண்டாவதில் 20 மீட்டர் ஆழத்தில். இடைப்பட்ட நிலத்தின் குறுக்குவெட்டுப் படத்தை வரையுமாறு மாணவர் பணிக்கப்படுகின்றனர். பெரும்பாலோர் இரு புள்ளிகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்து, நடுவில் 14 மீட்டர் ஆழத்தில் பாறை உள்ளது என்று முடிவு செய்வர்.

இங்கேதான் ஆசிரியரின் பணி தொடங்குகிறது. நைஸ் பாறை சீராகச் சிதைவதில்லை. மழைநீர் வெடிப்புகளின் வழியே இறங்கி, அவற்றின் இரு புறத்தையும் மண்ணாக்குகிறது. வெடிப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி சிதையாமல் உருண்டைப் பாறைகளாக மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே 8 மீட்டரில் தென்பட்டது அடிப்பாறையாகவும் இருக்கலாம். மண்ணில் மிதக்கும் தனிப் பாறையாகவும் இருக்கலாம். ஒரே சான்றிலிருந்து மூன்று வெவ்வேறு படங்களை வரையுமாறும், எது சரி என்று அறிய மூன்றாவது துளையை எங்கே இடுவது என்று சொல்லுமாறும் மாணவரைக் கேட்க வேண்டும்.

இது வெறும் படப் பயிற்சியன்று. துளைப்பொறியின் முகப்பில் மேற்பாதி மண்ணாகவும் கீழ்ப்பாதி பாறையாகவும் அமையுமானால், பாறையை வெட்டப் பொறி மெதுவாக நகரும் வேளையில் மேலிருந்து மண் அளவுக்கு மிஞ்சி உள்ளே சரிந்துவிடக்கூடும். அதனால் மேலே வெற்றிடம் உண்டாகி, சாலையோ வீட்டின் அடித்தளமோ இறங்கலாம். வெட்டும் கருவிகளும் பழுதடையலாம். பெங்களூர் மெட்ரோவின் முதற்கட்டப் பணியில் மெஜஸ்டிக்கிற்கு வடக்கே ‘கோதாவரி’ என்னும் துளைப்பொறியின் வெட்டுத்தலை சேதமுற்றதால் பணி நெடுங்காலம் தடைப்பட்டது. வகுப்பறையில் பென்சிலால் உறுதியாக இழுக்கப்படும் ஒரு கோடு, களத்தில் ஒரு குடும்பத்தின் சுவரில் விரிசலாக முடியக்கூடும் என்பதை மாணவர் உணர வேண்டும். தெரிந்ததைத் தொடர்கோட்டாலும் ஊகத்தைப் புள்ளிக்கோட்டாலும் காட்டும் பழைய வழக்கத்தின் பொருள் அப்போதுதான் நன்கு விளங்கும்.

இச்சூழலுடன் மற்றொரு களப்பணியையும் இணைக்கலாம். குழாய் நீர் வருமுன் கண்டோன்மென்ட் மக்கள் கிணறுகளையும் ஏரிகளையும் நம்பி வாழ்ந்தனர். பின்னர்க் கிணறுகள் பல மூடப்பட்டு அவற்றின் மேல் வீடுகள் எழுந்தன. எந்த நிலப்படத்திலும் இல்லாத அக்கிணறுகள் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. மாணவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து அவற்றைப் படத்தில் குறித்தால், பொறியாளருக்கும் பயன். நிலத்தடி நீர் ஆய்வுக்கும் பயன்.

மூன்றாம் சூழல்: நீரின் வழி

மூன்றாவது சூழலுக்கு ஒரே வினா போதும். பிரேசர் டவுன் கூரையொன்றில் விழும் மழைத்துளி எங்கே போகிறது?

மாணவர் வடிகால்களைப் பின்தொடர்ந்து நடந்தால், பலர் அல்சூர் ஏரியை அடைவர். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் இறந்து மிதந்த ஏரி அது. மழைநீருக்கென அமைந்த வடிகாலில் கழிவுநீர் கலக்கும்போது, அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. வடிகாலில் எங்கெங்கே கழிவுநீர் சேர்கிறது என்று குறிப்பது மாணவர் எளிதில் செய்யக்கூடிய ஆய்வு.

ஏரியிலிருந்து நீர் கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியே பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினி ஆற்றில் சேர்கிறது. அவ்வாறே தமிழ்நாட்டில் தென்பெண்ணை எனப் பெயர் பெற்று, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. காவிரிப் படுகையிலிருந்து ஏற்றப்பட்டு நகரின் கிழக்குப் பகுதியில் பயன்படும் நீர், கழிவாகத் தென்பெண்ணைப் படுகையில் இறங்குகிறது என்னும் வியப்பான உண்மையும் இங்கு வெளிப்படும். இப்பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018-ல் செயற்படத் தொடங்கியது. அந்நீர் ஏரிகளை நிரப்பினால் போதுமா, நிலத்தடி நீரின் தரத்தையும் தொடர்ந்து சோதிக்க வேண்டாமா என்பது விவாதத்திற்குரிய நல்ல வினாவாகும்.

சூழலை அமைக்கும் விதம்

ஆசிரியர்கள் கவனத்தில் கொள்ள வேண்டிய சில நெறிகள் உண்டு.

முதலாவதாக, சூழல் ஒரு முடிவை வேண்டி நிற்க வேண்டும். “பிரேசர் டவுனின் நிலவியலை விவரிக்க” என்பது கட்டுரைத் தலைப்பு. “இவ்விடத்தில் கிணறு தோண்டலாமா, கூடாதா” என்பதே சூழல்.

இரண்டாவதாக, சான்றுகள் முழுமையாக இருத்தலாகாது. மெய்யான பணியில் எல்லா விவரமும் கையில் இருப்பதில்லை. எஞ்சிய விவரத்தை எங்கே, என்ன செலவில் பெறுவது என்பதும் கற்க வேண்டியதே.

மூன்றாவதாக, மாணவர் பல நிலைகளில் நின்று பார்க்க வேண்டும். ஒரு குழு நிலவியலாராகவும், மற்றொன்று பொறியாளராகவும், வேறொன்று குடியிருப்போராகவும், இன்னொன்று அனுமதி வழங்கும் அலுவலராகவும் அமர்ந்து விவாதிக்கலாம்.

நான்காவதாக, மதிப்பெண் விடைக்கு மட்டுமன்றி வழிக்கும் உரியது. எடுத்துக்கொண்ட அனுமானங்களைத் தெளிவாக எழுதினாரா, தம் முடிவு எந்த இடத்தில் தவறக்கூடும் என்று சுட்டினாரா என்பவற்றையும் மதிப்பிட வேண்டும்.

ஐந்தாவதாக, அறிக்கை இரு வடிவில் அமைதல் நன்று. ஒன்று துறையினருக்கு, மற்றொன்று குடியிருப்போருக்கு, அவர்கள் பேசும் மொழியில். பிரேசர் டவுனில் அது கன்னடமாகவோ தமிழாகவோ உருதுவாகவோ இருக்கலாம். தாம் அறிந்ததைக் கலைச்சொல் இன்றி விளக்க முடிந்தால்தான் மாணவர் அதனை முழுவதும் அறிந்தவர் ஆவார்.

இடர்ப்பாடுகள்

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஒரு சூழலுக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்கள் தேவைப்படும். பாடத்திட்டம் முழுவதையும் இவ்வாறே நடத்துவது இயலாது. படிகவியல் போன்ற அடிப்படைப் பகுதிகளை முறையாகக் கற்பித்தே ஆக வேண்டும். அடித்தளமின்றிச் சூழல் மட்டும் நடத்தினால் விவாதம் வெறும் பேச்சாக முடியும். ஆகவே பருவத்திற்கு ஒன்று அல்லது இரண்டு சூழல்களை மட்டும் தேர்ந்து, ஏனைய பாடங்களை அவற்றோடு இணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

மாணவரின் ஆலோசனையை மக்கள் தொழில்முறைத் தீர்ப்பாகக் கருதிவிடும் அபாயமும் உண்டு. பயிற்சிக்கெனச் செய்த கணக்கை நம்பி ஒருவர் பெரும் பணம் செலவிட்டுக் கிணறு தோண்டினால் பொறுப்பு யாருடையது? ஆசிரியர் சரிபார்த்த பின்னரே அறிக்கை வெளியே செல்ல வேண்டும். அது பயிற்சி ஆய்வு என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். திறந்த வடிகால், பழங்கிணறு ஆகியவற்றின் அருகே செல்லும் மாணவரின் பாதுகாப்பும் ஆசிரியர் பொறுப்பே.

அலுவலர்களின் பங்கு

இம்முறை வெற்றி பெறக் கல்லூரியின் முயற்சி மட்டும் போதாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம், 1851-ல் தோன்றிய இந்திய நிலவியல் அளவைத் துறை, மாநிலத்தின் நிலத்தடி நீர்த் துறை, இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் ஆகியவற்றிடம் மழையளவு, நீர்மட்டம், துளை விவரம் ஆகியவை குவிந்துள்ளன. முடிவுற்ற பணிகளின் துளைப் பதிவுகளைக் கல்லூரிகளுக்கு வழங்குவதால் எவருக்கும் இழப்பில்லை. மாணவருக்கு அவை பாடநூலாகும். மாறாக, ஒரு கல்லூரி ஒரு வட்டாரத்தின் 20 கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து பத்தாண்டுகள் பதிவு செய்தால், அத்துறைகளுக்கே கிடைக்காத நுண்ணிய விவரம் நாட்டிற்குக் கிடைக்கும். இதற்கு வேண்டிய கருவிகள் ஒரு நாடா, ஒரு மழைமானி, ஒரு குறிப்பேடு ஆகியவையே.

பெரிய நகரத்தில் மட்டுமே இது இயலும் என எண்ண வேண்டுவதில்லை. தருமபுரியிலும் சேலத்திலும் அடியில் கிடப்பது பெங்களூரை ஒத்த தொன்மையான கடினப் பாறையே. கிணறு வற்றாத ஊரும் அரிது. ஒவ்வொரு கல்லூரிக்கும் அருகில் ஓர் ஏரியும், ஒரு வடிகாலும், நீருக்காகக் குடத்துடன் காத்திருக்கும் ஒரு தெருவும் உள்ளன. அத்தெருவின் வினாவுக்கு விடை காண மாணவரைப் பழக்குவதே நிலவியற் கல்வியின் பயன் ஆகும்.